அசையும் முகத்துக்கு எத்தனை பிட்?

ராஜபாளையத்திலிருந்து தளவாய்புரத்துக்குப் போகும் பஸ்ஸில் சராசரியாக எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கணக்கெடுத்தால் ஏதோ ஒரு எண் கிடைக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பஸ் விட்டால் என்ன ஆகும்? மதியம் பாதி சீட் காலியாக ஓடும். காலை எட்டரை மணிக்குப் படிக்கட்டில் தொங்குவார்கள். சரி, எட்டரை மணிக் கூட்டத்துக்கு ஏற்றபடி நாள் முழுக்க பஸ் விடலாம் என்றால் டீசல் காசை யார் கொடுப்பது? சராசரிக்கும் உச்சத்துக்கும் நடுவில் எந்த இடத்தில் நிற்பது என்பதுதான் பிரச்சினை.

கம்ப்யூட்டர் நெட்வொர்க் கட்டியவர்களுக்கும் இதே தலைவலிதான். அதிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசும் வீடியோ கான்பரன்ஸ் வந்தபோது தலைவலி பல மடங்கு ஆனது. அதைத் தீர்க்க எஞ்சினியர்கள் போன இடம் புள்ளியியல். பி.காம். மாணவர்கள் இரண்டாம் செமஸ்டரில் படித்து மறந்துபோகும் அதே சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவுதான்! அந்தக் கதையையும், அது தேனி மாவட்டத்துக் கண் நோயாளி வரைக்கும் வந்து சேர்ந்த விதத்தையும் பார்ப்போம்.

டெலிபோன் காலத்துக் கணக்கு

டென்மார்க்கில் ஏ.கே.எர்லாங் என்று ஒரு கணித வல்லுநர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்தார். டெலிபோன் அழைப்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தால் அவை பாய்சான் பரவலைப் பின்பற்றும் என்று 1909ல் எழுதினார். எத்தனை லைன் போட்டால் எத்தனை சதவீத அழைப்புகள் இடம் கிடைக்காமல் திரும்பும் என்ற சூத்திரத்தை 1917ல் கொடுத்தார். உலகம் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் பல பத்தாண்டுகள் இந்தக் கணக்கை நம்பித்தான் கட்டப்பட்டன.

எர்லாங்குக்கு ஒரு வசதி இருந்தது. ஒரு அழைப்புக்கு ஒரு லைன். பேசினாலும் சரி, மௌனமாக இருந்தாலும் சரி, அந்த லைன் உங்களுடையது. எண்ண வேண்டியது அழைப்புகளை மட்டும்தான்.

வீடியோ டெலிபோனும் முதலில் இதே வழியில்தான் வந்தது. அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. கம்பெனி 1964ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் 'பிக்சர்போன்' என்ற கருவியைக் காட்டியது. 1970ல் பிட்ஸ்பர்க் நகரில் வியாபாரத்துக்கு விட்டது. மாதக் கட்டணம் 160 டாலர், அதற்கு 30 நிமிடம்தான் பேசலாம். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். ஒரு முகத்தைக் காட்டுவதற்குப் பல டெலிபோன் பேச்சுகள் போகக்கூடிய இடத்தை முழுதாக ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. விலை அங்கேயே ஏறிவிட்டது. வாங்க ஆளில்லை, பிக்சர்போன் படுத்துவிட்டது.

முகம் சும்மா இருந்தால் செலவு இல்லை

அடுத்து வந்தது சுருக்கும் தொழில்நுட்பம். வீடியோ என்பது நொடிக்கு 25 அல்லது 30 படங்கள். ஒவ்வொரு படத்தையும் 'ஃப்ரேம்' என்பார்கள். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது பின்னால் உள்ள சுவர் மாறுவதில்லை, சட்டை மாறுவதில்லை. உதடும் கண்ணும்தான் அசைகின்றன. அப்படியென்றால் முழுப் படத்தையும் திரும்பத் திரும்ப எதற்கு அனுப்ப வேண்டும்? முந்தைய ஃப்ரேமிலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதுமே!

இதனால் மொத்தச் செலவு குறைந்தது, ஆனால் புதிய சிக்கல் வந்தது. பேசுபவர் அசையாமல் இருந்தால் சில பிட்டுகள் போதும். கையைத் தூக்கினால், எழுந்து நின்றால் பிட்டுகள் குபீரென்று ஏறும். ஒரு அழைப்புக்கு ஒரு லைன் என்ற எர்லாங்கின் வசதி இங்கே இல்லை. அழைப்புக்கு உள்ளேயே கூட்டமும் உண்டு, காலி சீட்டும் உண்டு.

இதை முதலில் அளந்து மாதிரி போட்டவர்களில் முக்கியமானவர்கள் பேசில் மக்லாரிஸ், டிமிட்ரிஸ் அனஸ்டாசியு, ப்ரோதீப் சென், குன்னர் கார்ல்சன், ஜான் ராபின்ஸ் ஆகிய ஐவர். 1988ல் வந்தது அவர்கள் கட்டுரை. தலையும் தோளும் தெரியும்படி பேசும் ஒருவரின் சின்ன வீடியோத் துண்டை எடுத்துக்கொண்டு, ஃப்ரேம் ஃப்ரேமாக பிட்டுகளை எண்ணினார்கள். சராசரி நொடிக்கு 3.9 மெகாபிட். உச்சம் சுமார் 10.6 மெகாபிட். திட்ட விலக்கம் சுமார் 1.7 மெகாபிட். அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையே ஒட்டுறவு கிட்டத்தட்ட 0.88. அதாவது இந்த ஃப்ரேம் பெரிதாக இருந்தால் அடுத்ததும் பெரிதாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்சூரன்ஸ் கம்பெனி செய்வதும் இதுதான்

இந்த மூன்று எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியோடு மூன்று திட்ட விலக்கத்தைக் கூட்டினால் ஓரளவு பத்திரமான இடம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரே ஒருவர் பேசினால்: 3.9 + 5.2 = 9.1 மெகாபிட் வேண்டும்.

16 பேர் தனித்தனியாகப் பேசி, ஒரே குழாயைப் பங்கிட்டால்: சராசரி 16 மடங்கு ஆகும். ஆனால் திட்ட விலக்கம் 16ன் வர்க்கமூலம், அதாவது 4 மடங்குதான் ஆகும். மொத்தம் சுமார் 83 மெகாபிட். ஆளுக்கு 5.2.

100 பேர் பங்கிட்டால்: மொத்தம் சுமார் 442 மெகாபிட். ஆளுக்கு 4.4தான்!

ஒவ்வொருவருக்கும் உச்சத்தை ஒதுக்கி வைத்திருந்தால் 100 பேருக்கு 1060 மெகாபிட் வாங்க வேண்டியிருக்கும். பங்கிட்டதால் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி பிழைப்பதும் இதே தத்துவத்தில்தான். எல்லோர் வீட்டிலும் ஒரே நாளில் தீப்பிடிக்காது என்ற நம்பிக்கை. ஒருவர் கையைத் தூக்கும்போது இன்னொருவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கை.

இந்தக் கணக்கில் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. ஆட்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும். அவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் நடந்துகொள்ள வேண்டும். இவை இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மூன்றே எண்களில் ஒரு மாதிரி

1992ல் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தைச் சேர்ந்த டேனியல் ஹேமன், அலி தபதபாய், டி.வி.லட்சுமண் மூவரும் சுமார் அரை மணி நேர வீடியோ கான்பரன்ஸ் பதிவை எடுத்து ஆராய்ந்தார்கள். இதில் லட்சுமண் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இயற்பியல் படித்தவர். அப்போது எல்லோரும் எதிர்பார்த்திருந்த நெட்வொர்க்கின் பெயர் ஏ.டி.எம். (பணம் எடுக்கும் மெஷின் அல்ல!) அதில் எந்தத் தகவலும் 53 பைட் கொண்ட சின்னச் சின்ன 'செல்'களாகத்தான் போகும். ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை செல் என்று எண்ணினால் அது காமா பரவலை ஒட்டி இருந்தது.

அவர்கள் சொன்ன மாதிரி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள், ஆனால் நேர்மையான நாணயம் அல்ல. பெரும்பாலும் தலை விழும் நாணயம். தலை விழுந்தால் அடுத்த ஃப்ரேமின் அளவு முந்தையதேதான். பூ விழுந்தால் பரவலிலிருந்து புதிதாக ஒரு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். சராசரி, விலக்கம், ஒட்டுறவு என்ற மூன்று எண்கள் தெரிந்தால் போதும்.

நிஜத்தில் எந்த முகமும் இப்படி நடந்துகொள்ளாது. ஒரே அளவில் கொஞ்ச நேரம் நின்று திடீரென்று வேறு அளவுக்குத் தாவும் படிக்கட்டு மாதிரி வரைபடம் வரும். தனி ஒருவரின் வீடியோவுக்கு இது பொருந்தாது. ஆனால் பல பேரைக் கூட்டிப் பார்க்கும்போது எத்தனை செல்கள் தொலையும் என்பதை இந்த மாதிரி நன்றாகவே கணித்தது. சினிமாவில் காட்சி மாறிக்கொண்டே இருக்கும், சண்டை வரும், பாட்டு வரும். கான்பரன்ஸில் அப்படி எதுவும் இல்லை. உட்கார்ந்து பேசும் முகம் மட்டும். அதனால்தான் இவ்வளவு எளிய மாதிரி தாக்குப்பிடித்தது.

நைல் நதி குறுக்கே வந்தது

இந்த நேரத்தில் ஒரு குண்டு விழுந்தது. வில் லேலண்ட், முராத் தக்கு, வால்டர் வில்லிங்கர், டேனியல் வில்சன் நால்வரும் பெல்கோரில் எடுத்த அளவீடுகளை வைத்து 1993லும் 1994லும் வெளியிட்ட கட்டுரைகள் பழைய நம்பிக்கையை ஆட்டிவிட்டன. நெட்வொர்க் போக்குவரத்தை நொடிக்கணக்கில் பார்த்தாலும் மேடு பள்ளம், நிமிடக்கணக்கில் பார்த்தாலும் மேடு பள்ளம், மணிக்கணக்கில் பார்த்தாலும் அதே மேடு பள்ளம்! பாய்சான் கணக்குப்படி நேரத்தைக் கூட்டக் கூட்ட இவை சமனாகிவிட வேண்டும். ஆகவில்லை.

இந்தக் குணத்துக்கு முன்னோடி ஒரு நதி. எகிப்தில் வேலை பார்த்த ஹெரால்டு ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர், நைல் நதிக்கு எவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் வேண்டும் என்று பல நூறு வருடக் குறிப்புகளைப் பார்த்தார். நல்ல வருடத்தைத் தொடர்ந்து நல்ல வருடங்களும், வறண்ட வருடத்தைத் தொடர்ந்து வறண்ட வருடங்களும் கூட்டமாக வருவதை 1951ல் எழுதினார். விருதுநகர் மாவட்டத்து விவசாயிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நதிக்கு நீண்ட ஞாபகம் உண்டு என்பதுதான் ஹர்ஸ்ட் சொன்னதன் சாரம்.

வீடியோவுக்கும் நீண்ட ஞாபகம் உண்டா? மார்க் கேரட்டும் வில்லிங்கரும் 1994ல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக அளந்து "உண்டு" என்றார்கள். 1995ல் யான் பெரான் முதலியோர் 20 வீடியோக்களை ஆராய்ந்தார்கள், அவற்றில் கான்பரன்ஸ் வீடியோக்களும் இருந்தன. பதில் அதேதான். அப்படியானால் மூன்று எண் மாதிரியைக் குப்பையில் போட வேண்டியதுதானா?

கண்மாயும் அணையும்

1996ல் இதற்குப் பதில் வந்தது. ஹேமனும் லட்சுமணும் ஒரு கட்டுரையில், போங் ரியுவும் அன்வர் எல்வாலித்தும் வேறொரு கட்டுரையில் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். நீண்ட ஞாபகம் இருப்பது உண்மைதான். ஆனால் நேரில் பேசும் வீடியோவுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

ஏன்? ஒரு சின்னக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ராத்திரி நல்ல மழை பெய்தால் நிரம்பி மறுகால் பாய்ந்துவிடும். போன வருடம் மழை எப்படி இருந்தது என்பது அந்த ராத்திரிக்குத் தேவையில்லை. பெரிய அணைக்குத்தான் பல வருட வரலாறு வேண்டும்.

நெட்வொர்க்கில் கண்மாய் என்பது பஃபர். வரிசையில் காத்திருக்கும் தரவுகளுக்கான தேக்கம். பேச்சுக்கு ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசப் பரிந்துரை. அதைத் தாண்டித் தாமதம் ஏற ஏற ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேசி முட்டிக்கொள்வார்கள். ஆக, கான்பரன்ஸுக்கு அணை கட்டவே முடியாது, சின்னக் கண்மாய்தான். தேக்கம் எவ்வளவு நேரம் தாங்குமோ, மாதிரிக்கும் ஏறக்குறைய அவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும். எளிய மாதிரி பிழைத்தது!

தேனியில் நடந்தது

இவ்வளவும் அமெரிக்க ஆய்வகங்களில் நடந்த விவாதம். நூற்றுக்கணக்கான பேர் பங்கிடும் தடிமனான குழாய்களைப் பற்றியது. குழாயே இல்லாத ஊரில் என்ன செய்வது?

டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு தேனியிலும் கிளை உண்டு. அதைச் சுற்றியுள்ள ஊர்களில் 'விஷன் சென்டர்' என்ற சின்ன நிலையங்களை ஆரம்பித்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் உள்ள டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். கூலி வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். ஆனால் டாக்டருக்கு நோயாளி முகம் தெரிய வேண்டுமே!

2000களின் நடுவில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புருவர் தலைமையிலான குழுவும் இன்டெல் நிறுவனமும் இதில் சேர்ந்தன. வீட்டில் பயன்படும் அதே விலை குறைந்த வை-ஃபை கருவியில், திசை நோக்கிய ஆன்டெனாவைப் பொருத்தி ஊருக்கு ஊர் இணைத்தார்கள். ஆண்டிப்பட்டிப் பக்கம் போன இணைப்பின் நீளம் 15 கிலோமீட்டர். சில இடங்களில் கோபுரம் நட்டார்கள். ஒரு இடத்தில் ஜவுளி ஆலையின் புகைபோக்கியையே கோபுரமாக்கிக்கொண்டார்கள்.

வை-ஃபை ஒரு கட்டிடத்துக்குள் ஓடுவதற்காக உண்டானது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். 15 கிலோமீட்டருக்கு ரேடியோ அலை போக 50 மைக்ரோ நொடி, பதில் திரும்ப இன்னொரு 50. அதற்குள் கருவி பொறுமை இழந்து, போனதையே மறுபடி அனுப்பும். இரண்டு முனைகளும் ஒரே சமயத்தில் பேசி மோதிக்கொள்வதும் உண்டு. வீடியோ கான்பரன்ஸில் இரண்டு பக்கத்திலிருந்தும் முகம் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் இது பெரிய தொல்லை.

ராபின் பத்ரா, செர்ஜியு நெடெவ்ஸ்கி, சோனேஷ் சுரானா, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் முதலியோர் 2007ல் 'வைல்டுநெட்' என்ற பெயரில் தீர்வை வெளியிட்டார்கள். முறை வைத்துக்கொள்வதுதான் தீர்வு. இந்த நேரத் துண்டு உனக்கு, அடுத்தது எனக்கு. பதிலையும் பாக்கெட்டுக்கு ஒன்றாக இல்லாமல் மொத்தமாக அனுப்பினார்கள். தொலைந்துபோவதை ஈடுகட்ட முன்கூட்டியே கொஞ்சம் உபரித் தகவலையும் சேர்த்தார்கள். சாதாரண வை-ஃபையைவிட 2 முதல் 5 மடங்கு வரை அதிகத் தரவு போனது. கண்மாய்ப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்க்காரர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை!

இங்கே பழைய கணக்கைத் திரும்பப் பாருங்கள். 100 பேர் பங்கிட்டால் ஆளுக்கு 4.4, ஒருவரே என்றால் 9.1. ஆண்டிப்பட்டி நோயாளிக்குப் பங்காளிகள் 99 பேர் கிடையாது. ஒரு டாக்டர், ஒரு நோயாளி, ஒரு இணைப்பு. எண்ணிக்கையால் வரும் லாபம் நகரத்துக்குத்தான். கிராமத்து இணைப்பை நகரத்துச் சராசரியை வைத்துத் திட்டமிட்டால், டாக்டர் கண்ணைப் பார்க்கும் நேரத்தில் படம் உறைந்து நிற்கும்.

அந்தக் குழு 2008ல் எழுதிய இன்னொரு கட்டுரை இன்னும் முக்கியமானது. நெட்வொர்க் நின்றுபோன சந்தர்ப்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தரவு நெரிசல் அல்ல, மோசமான மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கி கருவிகள் பழுதாகின. எந்தப் போக்குவரத்து மாதிரியிலும் மின்வெட்டுக்கு ஒரு குறியீடு இல்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில்

இரண்டாவது நிபந்தனை நினைவிருக்கிறதா? சம்பந்தமில்லாமல் நடந்துகொள்ள வேண்டும் என்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் அன்று பஸ் எதற்குத் திணறுகிறது? வருடச் சராசரி தப்பு என்பதால் அல்ல, எல்லோரும் ஒரே நாளில் கிளம்புவதால்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நெட்வொர்க்குக்கு தினமும் தேர்த் திருவிழா. ஆபீஸ் மீட்டிங், ஆன்லைன் வகுப்பு எல்லாம் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில். அந்த மாதமே இந்தியாவில் வீடியோ நிறுவனங்கள் மொபைல் நெட்வொர்க்கில் படத்தின் தரத்தை 480 வரிக்கு மேல் போகாமல் சில வாரங்களுக்குக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டன. தமிழ்நாட்டு அரசு 2019ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அந்தச் சமயத்தில் கைகொடுத்தது. ஒரு ஒளிபரப்பை எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் அது ஒரே ஒளிபரப்புதான். ஆனால் அதில் மாணவன் கை தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாது.

இதற்குள் வீடியோ மென்பொருளும் மாறியிருந்தது. 1988ல் முகம் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு பிட் வரும், நெட்வொர்க் அதைத் தாங்க வேண்டும். இப்போது மென்பொருளே நெட்வொர்க்கின் நிலையைக் கவனித்து, இடம் குறைந்தால் படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்கிறது. அழைப்பு அறுந்துபோவதில்லை, முகம் மங்குகிறது. நண்பர்களோடு அரட்டை என்றால் பரவாயில்லை. கருவிழியில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் டாக்டருக்கு, மங்கிய படமும் அறுந்த அழைப்பும் ஒன்றுதான்.

எர்லாங் தன் சூத்திரத்தில் திரும்பிப்போன அழைப்புகளைக் கணக்கில் வைத்தார். அதனால் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கவில்லை என்பது கம்பெனிக்குத் தெரிந்தது. மங்கிய முகம் அப்படி எந்தக் கணக்கிலும் விழாது. அழைப்பு வெற்றிகரமாக முடிந்தது என்றே பதிவாகும். கடைசி ஊருக்குப் போகும் இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்பவர்கள், சராசரி வேகம் எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கூட்டமான நேரத்தில், தனி ஒருவருக்கு, முகம் தெளிவாகத் தெரிந்ததா என்றும் கேட்க வேண்டும்.